திரளுமா, திரட்ட வேண்டுமா?

வாசகர் கேள்வி, ஜூலை 6

ஆங்கிலத்தில் கன்சாலிடேட் என்று ஒரு வினை. சிதறிக் கிடப்பதை ஒன்றாக்கு என்றும் பொருள், இருப்பதை உறுதியாக்கு என்றும் பொருள். ஓர் அறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் 'இதுவரை பெற்றதை கன்சாலிடேட் செய்வோம்' என்று ஒரு வரி. 'ஒருங்கிணைப்போம்' என்று போட்டால் உறுதி போய்விடுகிறது. 'வலுப்படுத்துவோம்' என்று போட்டால் சேர்க்கை போய்விடுகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் வினை தமிழில் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். யாராவது மறுக்க முடியுமா?

ஜூலை 6, இரவு

மறுக்கிறேன். திரள்.

வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழி உடைந்தது என்கிறோமே, அதே திரள்தான். கண்ணுக்குத் தெரியாமல் தயிர் முழுக்கப் பரவிக் கிடந்தது ஒன்றோடொன்று ஒட்டி, உருண்டு, கையால் அள்ளுகிற கெட்டிக்கு வருகிறது. சேர்க்கையும் உறுதியும் ஒரே சொல்லில் இருக்கின்றன. திரண்ட தோள் என்று படிக்கும்போது நாலைந்து தோள்கள் ஒன்று சேர்ந்ததாக யாரும் நினைப்பதில்லை. சதை இறுகிப் பருத்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறோம்.

இறுக்கு, கெட்டிப்படுத்து என்றெல்லாமும் உண்டு. அவற்றில் சேர்க்கை இல்லை, ஒதுக்கிவிடலாம். திரளை எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது.

ஜூலை 7, காலை

வேலை முடியவில்லை. பல் தேய்க்கும்போதே உறைத்தது.

உங்கள் வரியில் செயப்படுபொருள் இருக்கிறது. 'பெற்றதை' என்ன செய்யப் போகிறோம்? திரள் தன்வினை. அது எதையும் 'ஐ' போட்டு ஏற்காது. பிறவினையாக்கினால் திரட்டு. 'இதுவரை பெற்றதைத் திரட்டுவோம்' என்று எழுதிப் பார்த்தேன். ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போகிற மாதிரி இருக்கிறது.

நிதி திரட்டு, ஆள் திரட்டு, தகவல் திரட்டு, கையெழுத்து திரட்டு. எதையாவது கெட்டியாக்குகிறோமா? இல்லை, குவிக்கிறோம். பிறவினை ஆன உடனே அந்த உறுதி எங்கேயோ நழுவிவிடுகிறது. வெண்ணெய்க்கே வருவோம். அம்மா 'வெண்ணெயைத் திரட்டினேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'கடைந்தேன்' என்பாள், 'எடுத்தேன்' என்பாள், நடுவில் 'திரண்டுடுச்சு' என்பாள். கடைவது அவள் வேலை. திரள்வது வெண்ணெயின் வேலை.

ஆகவே நேற்று இரவு எழுதியதில் பாதி சரி.

ஜூலை 7, மதியம்

சாப்பிடும்போது தோன்றியது, எழுதாவிட்டால் மறந்துவிடும். உருள் – உருட்டு. சுருள் – சுருட்டு. புரள் – புரட்டு. மருள் – மருட்டு. திரள் – திரட்டு. ளகரத்தில் முடிகிற தன்வினை டகர இரட்டிப்பில் பிறவினையாகிற குடும்பம்.

அண்ணன் தம்பிகளைப் பாருங்கள். உருட்டு என்றால் இன்றைக்குக் கதை விடுவது. சுருட்டு என்றால் அடுத்தவன் பொருளை அள்ளிக்கொண்டு போவது. புரட்டு என்றால் பொய். மருட்டு என்றால் பயமுறுத்துவது. தானாக நடக்கும்வரை எல்லாம் நல்ல பிள்ளைகள், இன்னொருவர் கை பட்டதும் கெட்டுப் போகின்றன. திரட்டு மட்டும்தான் மானத்தோடு பிழைக்கிறது.

ஜூலை 7, மாலை

நிதி திரட்டிவிட்டுத் தலைமறைவானவர்களை மறந்துவிட்டேன் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். சரி, திரட்டையும் அந்தக் குடும்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஜூலை 8

'பிறவினையில் உறுதி இல்லை என்று அடித்துச் சொல்கிறீர்களே, திரட்டுப்பால் என்ன ஆயிற்று?' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஒரே வரி. மண்டையில் குட்டிய மாதிரி இருந்தது.

உண்மைதான். திரட்டுப்பாலில் யாரும் பல பால்களைக் குவிப்பதில்லை. ஒரே பால். அதை அடுப்பில் வைத்துக் கிண்டிக் கிண்டிச் சுண்டவைத்துக் கெட்டியாக்குகிறோம். அப்படியென்றால் திரட்டு என்பதற்கு 'கெட்டியாக்கு' என்ற பொருளும் இருந்திருக்கிறது, நம் அன்றாடப் பேச்சில்தான் தேய்ந்துவிட்டது. நேற்றுக் காலைக் குறிப்பைத் திருத்திப் படிக்கவும்: பிறவினையில் உறுதி 'நழுவவில்லை', ஒரு கிண்ணத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இதில் வேறொன்று பிடிபடுகிறது. பால் திரளும்போது என்ன வந்து சேர்கிறது? சர்க்கரையை விட்டுத் தள்ளினால் எதுவும் வருவதில்லை. போகிறது. தண்ணீர் ஆவியாகப் போகிறது. வெண்ணெயிலும் அப்படித்தான், மோர் தனியாக நின்றுவிடுகிறது. எதையோ வெளியே தள்ளித்தான் கெட்டியாகிறது. சேர்த்தால் உறுதி வரும் என்றுதான் கேள்வி கேட்டவரும் நானும் முதலில் இருந்தே நினைத்துக்கொண்டிருந்தோம். கழித்தாலும் வருகிறது.

நானும் ஒருமுறை திரட்டுப்பால் கிண்டியிருக்கிறேன். முக்கால் மணி நேரம் நின்றேன், தொலைபேசி அடித்தது, திரும்பி வந்தபோது அடிப்பிடித்துவிட்டது. அதுவும் ஒருவகைக் கெட்டிதான், வாணலியை விட்டு வரவேயில்லை.

ஜூலை 8, இரவு

பெண் பூப்படைவதையும் திரள்வது என்பார்கள் என்று ஒருவர். ஆமாம், திரண்டுகுளி என்று அந்தச் சடங்குக்குப் பெயர் உண்டு. மலையாளத்தில் திரண்டுகல்யாணம். அங்கேயும் தன்வினைதான் என்பதைக் கவனிக்கவும்.

ஜூலை 10

இரண்டு நாள் வேலை. நடுவில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்த்தேன், அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். லத்தீனில் 'கான்' என்றால் சேர்ந்து, 'சோலிடுஸ்' என்றால் திடமான. சேர்த்துத் திடமாக்கு. அதே சோலிடுஸ்தான் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட தங்க நாணயத்தின் பெயரும். உள்ளே கலப்பில்லாத கெட்டித் தங்கம் என்ற பெருமை. அந்த நாணயத்தைச் சம்பளமாக வாங்கியவன் என்ற வழியில்தான் ஆங்கில சோல்ஜர் வந்தது. கெட்டி, காசு, படை மூன்றும் ஒரே வேரில்.

நம்மூரிலும் படை திரள்கிறது, பொருள் திரள்கிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை, இரண்டு மொழிக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. எனக்கு இது பிடித்திருந்தது.

ஜூலை 10, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, ஆகவே ஒரு சொந்தக் கதை.

சில ஆண்டுகளுக்கு முன்னால் அப்பாவுக்கு விடாத இருமல், காய்ச்சல். எக்ஸ்ரே எடுத்தோம். அறிக்கை என் கையில்தான் முதலில் வந்தது. வலது நுரையீரலின் கீழ் மடலில் கன்சாலிடேஷன் என்று போட்டிருந்தது. நான் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். அந்தச் சொல்லைப் பார்த்ததும் மனதுக்குள் கடகடவென்று ஓடியது: ஒருங்கிணைப்பு, உறுதிப்பாடு, வலுப்பெறல். 'ஒன்றும் இல்லை அப்பா, கீழ்ப்பக்கம் நன்றாக வலுவாக இருக்கிறதாம்' என்று சொல்லியும்விட்டேன். அவரும் தலையாட்டினார்.

மருத்துவர் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார், நிமோனியா. நுரையீரலில் காற்று இருக்க வேண்டிய நுண்ணறைகளில் நீரும் சீழும் நிரம்பி, அந்தப் பகுதி பஞ்சுத் தன்மை போய்த் திடமாகிவிட்டது. அதைத்தான் அப்படி எழுதுவார்களாம். பழைய நோய்க்கூறு நூல்களில் அந்த நிலைக்கு 'கல்லீரல் போல ஆதல்' என்று பொருள்படும் ஒரு பெயரே உண்டு, அறுத்துப் பார்த்தால் கல்லீரலைப் போலக் கெட்டியாக இருப்பதால்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தமிழ் உறைத்தது. நுரையீரல், கல்லீரல். ஒன்று நுரை, இன்னொன்று கல். நுரை கல்லாகிவிட்டது என்று அறிக்கை சொல்கிறது, நான் வாழ்த்துச் சொல்லியிருக்கிறேன். அப்பா பத்து நாளில் தேறிவிட்டார். இன்றைக்கும் இருமல் வந்தால் என்னைப் பார்த்து 'வலுவாகுது போல' என்பார்.

ஜூலை 11

நேற்று எழுதியதற்கும் எட்டாம் தேதிக்கும் முட்டுகிறது. பாலிலும் வெண்ணெயிலும் எதையோ வெளியே தள்ளிக் கெட்டியாகிறது என்றேன். நுரையீரலிலோ வேண்டாதது உள்ளே வந்து நிரம்பிக் கெட்டியாகிறது. காற்று வெளியே போகிறதே என்று வேண்டுமானால் சப்பைக்கட்டு கட்டலாம். கட்டவில்லை. கழித்தல் விதியைப் பொதுவிதியாக்க வேண்டாம்.

ஜூலை 12

கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார், நன்றி. சுருக்கிச் சொல்கிறேன், பிழை இருந்தால் அவர் அடிக்கட்டும்.

மண்ணியலில் இரண்டு சொற்களைக் குழப்பக்கூடாதாம். உருளைவண்டி ஓட்டி மண்ணை நசுக்குவது ஒன்று. அதில் மண்துகள்களுக்கு நடுவே இருக்கிற காற்று வெளியேறும், வேலை அன்றைக்கே முடியும். அதற்குப் பெயர் காம்பாக்‌ஷன். நீர் நிறைந்த களிமண்ணின் மேல் பாரம் ஏறி, உள்ளே இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கி வெளியேறி, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மண் தாழ்ந்து இறுகுவது இன்னொன்று. அதுதான் கன்சாலிடேஷன். இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் கார்ல் டெர்சாகி, 1920களில்.

பொறியாளர் சொன்ன எடுத்துக்காட்டுதான் மனதை விட்டுப் போகவில்லை. பைசா கோபுரத்தை 1173ல் கட்டத் தொடங்கினார்கள். மூன்று மாடி ஏறுவதற்குள் சாய ஆரம்பித்துவிட்டது. அப்புறம் சண்டை சச்சரவுகளில் ஏறத்தாழ நூறு ஆண்டு வேலை நின்றுபோயிற்று. ஒருமூச்சாகக் கட்டியிருந்தால் அன்றைக்கே விழுந்திருக்கும், அந்த இடைவெளியில்தான் அடியில் இருந்த களிமண் இறுகிப் பாரம் தாங்கப் பழகிக்கொண்டது என்கிறார்கள்.

இங்கே மனிதர் செய்தது என்ன? பாரத்தை வைத்துவிட்டுச் சும்மா இருந்தது. இறுகியது மண்.

ஏழாம் தேதி அம்மாவைப் பற்றி எழுதியதை இப்போது மறுபடி படிக்கிறேன். கடைவது இவள் வேலை, திரள்வது அதன் வேலை. அப்போது இலக்கணக் குறிப்பாக எழுதினேன். இப்போது ஆங்கில வினை பொய் சொல்கிறதோ என்று தோன்றுகிறது. 'நான் கன்சாலிடேட் செய்தேன்' என்கிறவன் செய்ததெல்லாம் ஏதோ ஒரு கடைசல் அல்லது ஒரு காத்திருப்பு. மிச்சம் தானாக நடந்திருக்கிறது. தமிழ் அதைத் தன்வினையாகவே வைத்திருக்கிறது.

ஜூலை 12, சற்று நேரம் கழித்து

ரொம்பப் பறந்துவிட்டேன் போல. ஐந்து கிளைக் கணக்கை ஓர் ஏட்டில் ஏற்றுவதும் கன்சாலிடேட்தான், அதில் எதுவும் தானாக நடப்பதில்லை. கணக்கரைக் கேட்டால் தெரியும்.

ஜூலை 14

தொகு பற்றி ஏன் பேசவில்லை என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. பயந்துதான் பேசவில்லை, ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

அரசு வழக்கில் கன்சாலிடேட்டுக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் தொகுப்புதான். அரசின் வருவாயெல்லாம் போய்ச் சேரும் பொதுக் கணக்கு, அரசமைப்புச் சட்டத்தின் 266ஆம் பிரிவில் வருவது, நம் பாடநூல்களில் தொகுப்பு நிதி. அதே பொருளை இலங்கைத் தமிழில் திரட்டு நிதியம் என்கிறார்கள், அங்கே 149ஆம் உறுப்புரை. ஒரே ஆங்கிலச் சொல், கடலுக்கு இந்தப் பக்கம் தொகுப்பு, அந்தப் பக்கம் திரட்டு. எனக்கு அந்தப் பக்கம்தான் ருசிக்கிறது. தொகுப்பில் அடுக்கி வைத்த மணம், திரட்டில் கொஞ்சம் கனம்.

அப்புறம் தொகுப்பூதியம். இதுதான் உச்சம். கன்சாலிடேட்டட் பே. அடிப்படைச் சம்பளம், படி எல்லாம் பிரிக்காமல் மொத்தமாக ஒரு தொகை. சொல்லில் 'உறுதி' என்று வேர் இருக்கிறது, வாங்குகிறவருக்கு உறுதி என்று எதுவும் கிடையாது. வேலை நிரந்தரம் இல்லை, ஆண்டுயர்வு இல்லை. தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் போராட்டம் நடத்துகிறார்கள். அதாவது கன்சாலிடேட் ஆனவர்கள் திரள்கிறார்கள்.

ஜூலை 14, இரவு

நிறுத்த மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா.

இலக்கணத்தில் தொகை என்றால் என்ன? இரண்டு சொல் சேரும்போது நடுவில் இருந்த உருபு மறைந்து நிற்பது. பால் குடித்தான் என்பதில் 'ஐ' மறைந்திருக்கிறது, வேற்றுமைத்தொகை. ஊறுகாய் என்பதில் காலமே மறைந்திருக்கிறது, ஊறின காயா, ஊறுகிற காயா, ஊறும் காயா என்று சொல்ல முடியாது. 'காலம் கரந்த பெயரெச்சம்' என்று நன்னூல் இதைத்தான் சொல்கிறது. செய்யுள் விகாரங்களில் தொகுத்தல் என்று ஒன்று, சிறிய இலை என்பது சிறியிலை ஆகிறது. ஓர் எழுத்து காணாமல் போவதற்குப் பெயர் தொகுத்தல்!

நம் இலக்கணக்காரர்களுக்குச் சேர்வதும் இழப்பதும் ஒரே வினை. பதினோராம் தேதி கழித்தல் விதியைக் குப்பையில் போட்டேன், இன்றைக்கு எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்கிறேன். பொதுவிதியாக இல்லை, சும்மா ஆசைக்கு.

ஜூலை 15

'கேள்வி தொக்கி நிற்கிறது' என்று எழுதுகிறோமே, அதுவும் இந்தத் தொகுதானா என்று கேட்டவருக்கு: ஆமாம். தொக்கு நிற்றல் என்றால் மறைந்து நிற்றல், உருபு நிற்கிற மாதிரி. அதனால் யாரோ வெளிப்படையாகக் கேட்டுவிட்ட கேள்வியைத் தொக்கி நிற்பதாக எழுதுவது கொஞ்சம் வேடிக்கை. செய்தித்தாளில் பாதி அப்படித்தான் வருகிறது, 'தொங்கி நிற்கிறது' என்று நினைத்து எழுதுகிறார்கள் போல. நானும் எழுதியிருக்கிறேன்.

தக்காளித் தொக்கு பற்றிக் கேட்டவருக்கு: சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள்.

ஜூலை 17

திரட்டு வெறும் குவிப்பு என்று முதலில் சொல்லி, அப்புறம் திரட்டுப்பாலுக்காக விட்டுக்கொடுத்தேன். இன்றைக்கு முழுசாகச் சரணடைகிறேன். காரணம் புறத்திரட்டு.

மூவேந்தர்களைப் பாடும் முத்தொள்ளாயிரம் என்ற நூல் முழுசாக நமக்குக் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் பல நூல்களிலிருந்து தனக்குப் பிடித்த பாடல்களை எடுத்து, பொருள்வாரியாக அடுக்கி, புறத்திரட்டு என்று ஒரு தொகுப்பைச் செய்து வைத்தார். அவர் பெயர்கூட நிற்கவில்லை. அந்தத் தொகுப்பில் இடம்பெற்றதால் முத்தொள்ளாயிரத்தின் நூற்றுச் சொச்சம் பாடல்கள் பிழைத்தன. தகடூர் யாத்திரையின் பாடல்கள் பலவும் அப்படியே. வையாபுரிப் பிள்ளை பதிப்பித்து 1938ல் அச்சில் வந்தது.

மூலச் சுவடி போயிற்று, திரட்டு நின்றது. தனித்தனியே இருந்திருந்தால் கரையான் தின்றிருக்கும். ஒன்றாக வைத்ததாலேயே உறுதி வந்ததற்கு இதைவிட என்ன வேண்டும்? ஏழாம் தேதி நான் கேலி செய்த அதே 'குவிப்பு'தான் இங்கே காப்பாற்றியிருக்கிறது.

இணையத்தில் வலைப்பதிவுகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் சுட்டி கொடுத்த தமிழ்மணம் மாதிரித் தளங்களைத் திரட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்தப் பெயர் வைத்தவர்கள் தெரிந்தே வைத்தார்களா தெரியாமலா, நல்ல பெயர். ஆனால் அந்தத் திரட்டிகள் சுட்டிகளைத்தான் திரட்டின. மூலம் போனதும் சுட்டியும் செத்தது. புறத்திரட்டுக்காரர் பாட்டையே எடுத்து வைத்துக்கொண்டார்.

ஜூலை 18

குட்டிக் குறிப்பு. படித்தது மனதில் நிலைப்பதற்கும் இதே ஆங்கிலச் சொல்தான், 1900ல் ஜெர்மனியில் முல்லர், பில்செக்கர் என்ற இருவர் எழுதிய ஆய்விலிருந்து. கற்ற உடனே இன்னொன்றைத் திணித்தால் முதலாவது கலைந்துவிடும், நிலைக்க இடைவெளி வேண்டும் என்பது சாரம். தமிழில் 'பதிந்துவிட்டது', 'பாடமாகிவிட்டது'. மறுபடி தன்வினை, மறுபடி காத்திருப்பு. நான் எதுவும் சொல்லவில்லை.

பங்குச் சந்தையில் விலை ஒரே வரம்புக்குள் ஏறியிறங்கி எங்கேயும் போகாமல் கிடப்பதையும் கன்சாலிடேஷன் என்கிறார்களாம். அங்கே சேர்க்கையும் இல்லை, உறுதியும் இல்லை. காத்திருப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஜூலை 22

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அறிக்கையைப் போன வாரமே கொடுத்துவிட்டாராம், இங்கே நடந்ததையெல்லாம் இன்றைக்குத்தான் படித்தாராம். அவர் எழுதிக் கொடுத்த வரி:

'இதுவரை கிடைத்ததைக் கெட்டிப்படுத்திக்கொள்வோம்.'

முதல் நாள் இரவு ஒரே வாக்கியத்தில் ஒதுக்கித் தள்ளிய சொல். கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் படித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியவில்லை. 'கெட்டிப்படுத்துவோம்' என்று மட்டும் இருந்தால் சேர்க்கை இல்லை என்று நான் சொன்னது சரி. 'கொள்' வந்ததும் கிடைத்ததெல்லாம் நம் பக்கம் நெருங்கி வந்துவிடுகிறது. சேர்த்துக்கொள், வைத்துக்கொள், பிடித்துக்கொள் என்பதில் வருகிற அதே கொள். பதினைந்து நாளாக முதல்வினையைத் துருவிக்கொண்டிருந்தேன், துணைவினைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஏன் திரட்டைப் போடவில்லை என்று கேட்டேன். போட்டுத்தான் முதலில் கொடுத்தாராம். கூட்டத்தில் ஒருவர் உடனே கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, 'எவ்வளவு தரணும்?' என்று கேட்டாராம்.